சீம்பால் குடித்ததா? ஆம்

எட்வின்,

போன ஞாயிற்றுக்கிழமை நீ போனில் கேட்ட கேள்விக்கு நான் சொன்ன பதில் பொய். நலம் விசாரிப்பதை எல்லாம் பிறகு வைத்துக்கொள்வோம். நீ கேட்டது என்னவென்று உனக்கே மறந்திருக்காது. "மா, உங்க கம்பெனியோட பழைய கன்னுக்குட்டி ஆய்வு ஃபைல் கைக்கு வந்துச்சி. எல்லா ஃபாரத்துலயும் சீம்பால் குடித்ததா, ஆம், சீம்பால் குடித்ததா, ஆம்னு இருக்கு. எல்லாம் உன் கையெழுத்து. ஆனா ஊசி போடறதுக்கு முன்னாடி எடுத்த ரத்தத்துல எதிர்ப்புச் சக்தியே இல்லியே. சீம்பால் குடிச்ச கன்னுன்னா தாய்கிட்டருந்து வந்தது கொஞ்சமாவது இருக்கணுமே. எப்படிம்மா?" என்று கேட்டாய். "அப்பல்லாம் மெஷின் பழசு நைனா" என்றேன். அதே மூச்சில் மார்க்கெட்டில் வஞ்சிரம் வரவில்லை என்றும், உன் அப்பா மறுபடியும் மூக்குக்கண்ணாடியைத் தொலைத்துவிட்டார் என்றும் சொன்னேன். மெஷின் பழசில்லை. பெட்டி பிரித்த வாசனைகூடப் போகாத மெஷின். மூக்குக்கண்ணாடியும் தொலையவில்லை.

இதை உனக்கு மட்டும் எழுதியிருக்கலாம். எழுதினால் என்ன செய்வாய் என்று எனக்குத் தெரியும். படிப்பாய், இரண்டு நாள் சாப்பிடமாட்டாய், பிறகு என்னைக் காப்பாற்றுவதற்காக அதை அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டு, உன் மேலதிகாரி சொன்னபடியே இரண்டாவது வாரத்தில் கன்றுகளுக்கு மருந்து கொடுக்கப் போய்விடுவாய். நீ அப்படிப்பட்ட பிள்ளை. அதனால்தான் நாலு பேர் படிக்கிற பத்திரிகைக்கு இதைக் கொடுக்கிறேன். இனி நீ பூட்டி வைப்பதில் பயன் இல்லை. பொங்கல் கழிந்ததும் திருவாலங்காட்டுப் பக்கம் உங்கள் புதிய தடுப்பு மருந்தின் ஆய்வு தொடங்குகிறது என்றாய். முதல் தவணைக்கு இரண்டு வாரம் என்ற கணக்கை எங்கள் பழைய ஆய்விலிருந்து எடுத்திருக்கிறீர்கள். அந்த இரண்டு வாரம் எப்படி வந்தது என்று உலகத்தில் இரண்டு பேருக்குத் தெரியும். ஒருவர் எங்கள் மேலாளர். அவர் ஓய்வுபெற்று, மாலையும் சால்வையும் வாங்கிக்கொண்டு, கால்நடை வளர்ப்போருக்கு எங்கோ அறிவுரை சொல்லிக்கொண்டிருக்கிறார். இன்னொருத்தி நான்.

உனக்குத் தெரிந்ததைத்தான் அடுத்துச் சொல்லப்போகிறேன், உன்னோடு சேர்ந்து இதைப் படிக்கிறவர்களுக்காகப் பொறுத்துக்கொள். பிறக்கும்போது கன்றின் உடம்பில் நோயை எதிர்க்க ஒன்றும் இருக்காது. மாடு ஈன்ற முதல் மூன்று நாள் சுரக்கிற மஞ்சள் பால், அந்தச் சீம்பால்தான், தாய் பட்ட நோய்களின் அனுபவத்தைக் கன்றின் ரத்தத்தில் கொண்டுபோய்ச் சேர்க்கும். அதுவும் முதல் சில மணி நேரத்தில் குடித்தால்தான் முழுப் பலன். இந்த இரவல் பாதுகாப்பு சில மாதத்தில் கரைந்துபோகும். சளியும் இருமலுமாகத் தொடங்கி நுரையீரலைக் கட்டிக்கொண்டு கன்றைக் கொல்கிற நோய், அது கரையும் வரை வாசலில் காத்திருக்கும். அதற்காகத்தான் தடுப்பு மருந்து. இதில் ஒரு சிக்கல் உண்டு. இரவல் பாதுகாப்பு பலமாக இருக்கும்போது ஊசி போட்டால், அது மருந்தையும் பகையாளி என்று நினைத்து அடித்துப்போட்டுவிடும். கன்றின் உடம்பு சொந்தமாக ஒன்றையும் கற்றுக்கொள்ளாது. ஆகவே தடுப்பு மருந்து செய்கிறவர்கள் ராத்தூக்கம் கெட்டு யோசிக்க வேண்டிய கேள்வி, எந்த வயதில் போடுவது என்பதுதான். நாங்கள் ராத்தூக்கம் கெடவில்லை.

எங்கள் கம்பெனி இருந்த இடம் உனக்கு நினைவிருக்கும். ஒரு பக்கம் இரும்பு உருக்குகிறவர்கள், மறுபக்கம் எதையோ காய்ச்சுகிறவர்கள். எதைக் காய்ச்சுகிறார்கள் என்பது காற்றின் நிறத்தைப் பொறுத்து மாறும். நுரையீரல் நோய்க்கு மருந்து கண்டுபிடிக்கக் கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையைத் தேர்ந்தெடுத்தவர் யாராக இருந்தாலும் அவருக்கு நகைச்சுவை உணர்வு இருந்திருக்கிறது. கொட்டகையில் கன்றுகள் இருமும். மதில் சுவருக்கு அந்தப் பக்கம் ஷிப்டு முடிந்து போகிற ஆட்கள் இருமுவார்கள். ஒரு நாள் உன் அப்பா உருக்காலைச் சீருடையோடு என்னை அழைத்துப்போக வந்தவர் கேட்டில் நின்று இருமினார். காவலாளி, "இன்னாண்ணா, உனுக்கும் ஊசி போட்டுடலாமா?" என்றான். "மொதல்ல கன்னுக்குட்டிக்கு வேல செய்யுதான்னு பார்ப்பம்பா" என்றார் உன் அப்பா. அவர் எப்போதும் அப்படித்தான், விஷயம் தெரியாமல் சரியானதைச் சொல்லிவிடுவார்.

ஆய்வுக்குக் கன்றுகள் வேண்டும், ஊர் ஊராகப் போய் வாங்கி வேனில் ஏற்றி அனுப்புவது களப்பணியாளரான என் வேலை. கிடேரியை, அதாவது பெண் கன்றை, எந்த வீட்டிலும் தரமாட்டார்கள். நாளைக்குப் பால் தரப்போகிறது அல்லவா. காளைக்கன்றை எல்லோரும் தந்தார்கள். உழுவதற்கு டிராக்டர் வந்துவிட்டது, சினைக்கு ஊசி வந்துவிட்டது. காளைக்கன்று பிறந்தால் வீட்டில் யாரும் வாய்விட்டுச் சொல்லாத துக்கம். "இத்த ஓட்டிக்கினு போனீன்னா உனக்குப் புண்ணியமாப் போவும்" என்று கையில் பிடித்துக் கொடுத்தார்கள். மேலாளருக்கு ஏக மகிழ்ச்சி. நான் விலங்கியல் படித்தவள், எங்கள் குடும்பத்திலேயே முதலில் படித்தவள். இலவசமாக வருகிற கன்று எப்படிப்பட்ட கன்று என்று அன்றைக்கே கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. ஏன் கேட்கவில்லை என்பதைத்தான் இந்தக் கடிதத்தில் எழுதக் கஷ்டமாக இருக்கிறது.

திருவாலங்காட்டுப் பக்கம் ஒரு மாடிவீடு. நெல் வயலும் பம்ப்செட்டும் எட்டு மாடுகளும் உள்ள வீடு. அந்த வீட்டம்மா முதல் நாளே எனக்கு நாற்காலி போட்டார். பிளாஸ்டிக் நாற்காலிதான். ஆனால் அதே வயலில் என் அம்மா நாற்று நட்டிருக்கிறாள். அவளுக்கு அந்த வீட்டில் கூழ் ஊற்றியது கொல்லைப்புறத்தில், தொட்டுவிடாமல் தூக்கி ஊற்றிய கூழ், அவள் கொண்டுபோன ஏனத்தில். எனக்கு முன்வாசலில் நாற்காலி. அதோடு நிற்கவில்லை. கிளம்பும்போது, "ஊட்ல புள்ள இருக்குதுல்ல, எட்த்துக்கினு போம்மா. நேத்து ராத்திரி ஈன்ன மாடு, மொதக் கறவ மொத்தமும் இதுலதான்" என்று தன் வீட்டு எவர்சில்வர் தூக்கில், தன் வீட்டு மூடி போட்டு, சீம்பால் கொடுத்தார். ஏனத்தை அடுத்த முறை வரும்போது திருப்பித் தந்தால் போதும் என்றார். மடியில் அந்தத் தூக்கை வைத்துக்கொண்டு ரயிலில் வந்தபோது எனக்கு இருந்த பெருமையைச் சொன்னால் நீ சிரிப்பாய். வேனில் அதே மாட்டின் காளைக்கன்று வந்துகொண்டிருந்தது. சீம்பால் ரயிலில், கன்று வேனில். இரண்டும் கும்மிடிப்பூண்டிக்குத்தான் வந்து சேர்ந்தன. ஆனால் ஒன்றையொன்று சந்திக்கவில்லை.

அப்புறம் அதுவே வழக்கமாகிவிட்டது. ஒரு வீடு கொடுத்தால் பக்கத்து வீடு சும்மா இருக்குமா? எந்த வீட்டில் காளைக்கன்று ஏற்றினேனோ அந்த வீட்டில் எல்லாம் ஒரு தூக்கு. நான் வெல்லமும் ஏலக்காயும் போட்டு இட்லிப் பானையில் வேகவைப்பேன். நீ சதுரமாக வெட்டச் சொல்லி அடம் பிடிப்பாய். அப்போது உனக்கு ஏழு வயது. ஒரு சாயங்காலம் உன் அப்பா தட்டைப் பார்த்துவிட்டுக் கேட்டார். "இன்னா இது, டெய்லி சீம்பாலு? நாம இத்தத் துண்ணுக்கினு கீறோம், கன்னுக்குட்டி இன்னாத்தக் குடிக்குது, டீயா?" நீ புரையேறச் சிரித்தாய். நான், "உனக்குக் குடுத்துவெச்சது அவ்ளோதான், துண்ணு, பேசாத" என்றேன். ஆய்வுக்குழுவில் மூன்று முனைவர்கள் இருந்தார்கள். அந்த ஆய்வைப் பற்றி முதன்முதலில் சரியான கேள்வி கேட்டவர் உருக்காலையில் வேலை செய்த அந்த மனிதர்தான். அவருக்கு நான் சொன்ன பதிலையும் நீ கேட்டாய்.

நான் அந்த நொடியில் புரிந்துகொண்டேன். புரியவில்லை என்று சொல்லித் தப்பிக்கப் போவதில்லை. மறுநாள் மேலாளரிடம் போனேன். ஆய்வின் விதிப்படி, சீம்பால் குடித்த கன்றை மட்டும்தான் சேர்க்கலாம். ஃபாரத்தில் அதற்கு ஒரு கேள்வி, ஆம், இல்லை என்று இரண்டு கட்டம். "சார், இந்தக் கன்னுங்க பல வீட்டுல சீம்பால் குடிச்சிருக்காது சார்" என்றேன். அவர் என்னைப் பார்த்து உண்மையாகவே வருத்தப்பட்டார். "என்ன மேடம், நீங்களும் ஒரு தாய். எந்தத் தாய் தன் கன்னுக்குப் பால் குடுக்காம இருப்பா? ஆம்னு போட்டுடுங்க" என்றார். தாய்மையின் மேல் அவருக்கு அவ்வளவு நம்பிக்கை. மாடு கொடுத்திருக்கும், அதற்கும் கன்றுக்கும் நடுவில் ஒரு மனிதக் கையும் ஒரு தூக்கும் இருந்தன என்று நான் சொல்லவில்லை. சொன்னால் அடுத்த கேள்வி, உங்களுக்கு எப்படித் தெரியும் என்று வரும். சீட்டு சீட்டாக ஆம் போட்டேன். அழகான கையெழுத்து, நீயே சொல்லியிருக்கிறாய்.

கன்று சீம்பால் குடித்ததா என்று யாரையும் கேட்காமலே கண்டுபிடிக்க வழி உண்டு. ஒரு சொட்டு ரத்தம், உள்ளங்கையில் அடங்குகிற ஒரு கருவி, வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பார்த்தால் போதும். அந்தக் கருவி எங்கள் ஆய்வகத்தில் இருந்தது. பிளாஸ்டிக் உறை பிரிக்காமல் இருந்தது. ஒவ்வோர் ஆயுத பூஜைக்கும் அதற்குச் சந்தனமும் குங்குமமும் வைப்பார்கள். நான் ஞாயிறு தவறாமல் கோயிலுக்குப் போகிற கிறிஸ்தவச்சி, நானே இரண்டு வருடம் அதற்குப் பொட்டு வைத்திருக்கிறேன். வேறு எதற்கும் அதைத் தொட்டதில்லை.

பல கன்றுகள் முதல் வாரத்திலேயே கழிச்சலில் போயின. சீம்பால் இல்லாத கன்று போகத்தான் செய்யும். ஆனால் அவை கணக்கில் வராது. ஊசி போடுவதற்கு முன்னால் இறந்த கன்று ஆய்வில் இறக்கவில்லை, சும்மா இறந்தது. பிழைத்தவற்றுக்கு இரண்டாவது வாரம் ஊசி போட்டோம். எதிர்க்க ஒன்றுமே இல்லாத உடம்பில் மருந்து ராஜா மாதிரி நுழைந்தது. ரத்தப் பரிசோதனையில் கோடு செங்குத்தாக ஏறியது. ஊசி போடும் முன் ரத்தத்தில் ஒன்றும் இல்லையே என்று கூட்டத்தில் ஓர் இளம் மருத்துவர் கேட்டார். "தொடக்கம் சுத்தமா இருக்கு, அவ்ளோதான்" என்றார் மேலாளர். எல்லோரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன். இரண்டு வருடத்தில் மருந்து கடைக்கு வந்தது. "ஒரே ஊசி, ஒரே நிம்மதி" என்று காலண்டர் அடித்தோம். காலண்டரில் இருந்த படம் கொழுகொழுவென்று ஒரு கிடேரி. அந்த மருந்தை ஒரு கிடேரிக்குக்கூட நாங்கள் போட்டுப் பார்த்திருக்கவில்லை.

இப்போது கோமளாவைச் சொல்ல வேண்டும். ஆர்.கே.பேட்டைக்கு உள்ளே தள்ளி ஒரு கிராமம். ஒரே ஒரு கலப்பின மாடு வைத்திருந்தாள், அவளுக்கும் என் வயதுதான். மருந்து விற்பனைக்கு வந்த பிறகு, எந்த வீட்டில் கன்று பிறந்தது என்று பதிந்து, இரண்டாவது வாரம் ஊசி போட வைப்பது என் வேலை. நான் போனபோது அவள் மாடு ஈன்று இரண்டாம் நாள். கிடேரிக்கன்று. செல்வி என்று பேர்கூட வைத்துவிட்டாள். பழக்கதோஷத்தில் என் பையில் காலித் தூக்கு இருந்தது. அவள் அதைப் பார்த்துவிட்டாள். "ஊசிக்காரம்மா, கோச்சிக்காத. உனுக்கு இல்ல. எங்க மாமியாரே கேட்டாங்கோ, அவங்களுக்கும் இல்லன்னுட்டேன். மூணு நாளும் மொத்தமும் கன்னுக்குத்தான்" என்றாள். எனக்குச் சுருக்கென்றது. இத்தனை வீட்டில் நாற்காலி போட்டு உபசரித்தார்களே, இவளுக்கு இருக்கிற திமிரைப் பார் என்று நினைத்தேன். அந்த மாவட்டத்தில் நான் பார்த்தவர்களிலேயே கன்றை ஒழுங்காக வளர்த்த ஒருத்தியைப் பற்றி நான் நினைத்தது அது.

செல்விக்கு இரண்டாவது வாரம் ஊசி போட்டோம். வயிறு முட்டச் சீம்பால் குடித்த கன்று. எங்கள் மருந்து அதற்குள் போய் அன்றே செத்தது. மூன்றாம் மாதம், மழைக்காலத்தில், தாய் கொடுத்தது கரைந்தபோது அதனிடம் வேறொன்றும் இல்லை. நான்கே நாளில் முடிந்துவிட்டது. அந்தப் பக்கத்தில் அது மட்டும் இல்லை. நன்றாக வளர்த்த வீடுகளில்தான் அதிகம் போயிற்று, கவனி. புகார்கள் வந்தன. கம்பெனி மிகவும் பொறுப்பானது, உடனே விசாரணைக்குப் புறப்பட்டது. மேலாளர், நான், ஒரு புது ஃபாரம். மருந்தைப் பற்றி அதில் ஒரு கேள்வியும் இல்லை. கொட்டகை ஈரமா, புகை போட்டீர்களா, பனியில் கட்டினீர்களா, எல்லாமே அவள் என்ன தப்புச் செய்தாள் என்ற கேள்விகள்தான். கடைசியில், சீம்பால் குடித்ததா?

"மூணு நாளும் குடுத்தேன் சார். மொத்தமும் குடுத்தேன்" என்றாள் கோமளா. மேலாளர் சிரித்தார். "எல்லாரும் அப்படித்தாம்மா சொல்லுவாங்க." அவள் என் பக்கம் திரும்பினாள். முகத்தில் சந்தேகமே இல்லை. சாட்சி பக்கத்திலேயே நிற்கிறது என்கிற தைரியம். "யம்மா, நீ சொல்லு. நீ வந்தியே. உனுக்கே நான் குடுக்கலியே, நீகூட மூஞ்சிய ஒரு மாதிரி வெச்சிக்கினு போனியே, சொல்லும்மா."

நான், "எனக்கு ஞாபகம் இல்லங்க" என்றேன்.

அந்த ஒரு வரிதான், எட்வின். ஆம் என்று போட்ட சீட்டுகளில் எனக்கு ஒரு மேலாளர் பின்னால் இருந்தார், ஒரு விதி இருந்தது, வயிற்றுப் பிழைப்பு இருந்தது. இதற்கு யாரும் இல்லை. நானே என் வாயால் சொன்னேன். மேலாளர் ஆம் கட்டத்திலும் குறிக்கவில்லை, இல்லை கட்டத்திலும் குறிக்கவில்லை. ஓரத்தில் "கொடுத்ததாகச் சொல்கிறார்" என்று எழுதினார். எங்கள் கொட்டகைக் கன்றுகள் குடித்ததை யாரும் பார்க்கவில்லை, அவற்றுக்கு எல்லாம் ஆம். குடித்தது என்று எனக்கே தெரிந்த கன்றுக்கு "சொல்கிறார்". அறிக்கையின் முடிவு, வளர்ப்போரிடம் விழிப்புணர்வு இல்லை என்பது. அடுத்த மாதமே ஆர்.கே.பேட்டையில் விழிப்புணர்வு முகாம் நடந்தது. ஷாமியானா, சமோசா, ஒலிபெருக்கி. சீம்பாலின் அவசியம் என்ற தலைப்பில் பேசியது யார் என்று நினைக்கிறாய்? உன் அம்மாதான். அருமையாகப் பேசினேன். நான் சாப்பிட்டுப் பார்த்தே அதன் சத்தைத் தெரிந்துகொண்டவள் அல்லவா. கோமளா முன்வரிசையில் உட்கார்ந்து, கடைசி வரை கேட்டாள்.

இன்றைக்கும் இது இப்படித்தான் நடக்கிறது, அதுதான் எனக்கு ஆத்திரம். மருந்து வேலை செய்யவில்லை என்றால் மருந்து வைத்திருந்த ஐஸ்பெட்டியைக் கேட்பார்கள், கொட்டகையைக் கேட்பார்கள், அந்தப் பெண்ணின் கையைக் கேட்பார்கள். மருந்தைச் சோதித்தவர்களை யாரும் கேட்கமாட்டார்கள். தப்பு எப்போதும் படிக்காதவர்கள் பக்கம் உருண்டு வந்து நிற்கும், தரை அந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது. ஒரு படித்த கூட்டம் ஒரு சொட்டு ரத்தத்தைப் பார்க்கச் சோம்பல்பட்டு, ஒரு மாடு வைத்திருந்தவளுக்கு மாடு வளர்க்கச் சொல்லிக்கொடுத்தது. உன் மேலதிகாரி, "அது வெளிவந்த ஆய்வு, அதைப் போய்க் கிண்டாதே" என்றாராமே. அவரிடம் சொல், அது கிண்ட வேண்டிய ஆய்வு இல்லை, வேகவைத்துச் சாப்பிட்ட ஆய்வு. அதன் ஆதாரத்தைத் தின்றவர்களில் நீயும் ஒருவன். தெரியாமல் தின்றாய். இனி தெரியாது என்று சொல்ல முடியாது.

தவறாக எடுத்துக்கொள்ளாதே. தடுப்பு மருந்தே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அப்படிச் சொல்கிறவர்களோடு எனக்குப் பேச்சே இல்லை. எங்கள் மருந்துகூட மோசமான மருந்து இல்லை, போட்ட நாள்தான் தப்பு. தாயின் பாதுகாப்பு கரைகிற நேரம் பார்த்து, வேண்டுமானால் மறு ஊசியோடு போட்டிருந்தால் செல்வி இருந்திருக்கும். மூக்கில் விடுகிற உங்கள் புதிய மருந்து சீம்பால் குடித்த கன்றிலும் வேலை செய்யலாம் என்று நீ சொன்னபோது எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா. செய்யலாம். அதைச் சீம்பால் குடித்த கன்றில், கிடேரியில், வீட்டுக் கொட்டகையில் போட்டுப் பார்த்துவிட்டுச் சொல். வேன் ஏறி இலவசமாக வருகிற கன்றில் பார்த்துவிட்டுச் சொல்லாதே. அப்புறம் உன் களப்பணியாளர் யாராக இருந்தாலும், அவள் வந்து, "சார், இது குடிச்சிருக்காது சார்" என்று சொன்னால், அவள் தாயா இல்லையா என்று ஆராயாமல் உட்காரவைத்துக் கேள்.

நேற்று முன்தினம் கோமளா வீட்டுக்குப் போனேன். உன் அப்பா துணைக்கு வருகிறேன் என்றார், வேண்டாம் என்றுவிட்டேன். அவர் வந்தால் ஏதாவது சொல்லி அவளைச் சிரிக்கவைத்துவிடுவார், அது எனக்குச் சுலபமாகப் போய்விடும். இப்போது இரண்டு மாடு வைத்திருக்கிறாள். முழங்கால் வலி. என்னை உடனே அடையாளம் தெரிந்துகொண்டாள். நான் எல்லாவற்றையும் சொன்னேன், தூக்கு முதல் "ஞாபகம் இல்லை" வரை. புல் அறுத்த கையைத் துடைக்காமலே கேட்டுக்கொண்டிருந்தாள்.

"அப்ப என் மேல தப்பு இல்ல?"

"இல்ல."

"எங்க மாமியார் சாவற வரிக்கும் சொல்லிக்கினே இருந்துச்சி. என்க்கு ஒரு வாய் குடுக்காம மொத்தமும் கன்னு வயித்துல ஊத்துன, அதான் சீரணம் ஆவாம செத்துதுன்னு. என் ஊட்டுக்காரரு, நீ குடுத்தேன்னு சொல்றியே, நெஜமா குடுத்தியாடின்னாரு. அவுரே கேட்டாரு." கையில் ஒட்டியிருந்த புல்லைத் தட்டிவிட்டாள். "அட்த்த ஈத்துக்குப் பயந்துக்கினு பாதிதான் குடுத்தேன். அதுவும் செத்துது."

மன்னிச்சிடு என்றேன். "அத்த வெச்சிக்கினு நான் இன்னா பண்றது?" என்றாள். கோபம்கூட இல்லாமல் கேட்டாள், உண்மையாகவே தெரிந்துகொள்ள விரும்புகிறவள் மாதிரி. பிறகு, "உன் புள்ளையா இப்ப ஊசி போட வர்றான்? வரச்சொல்லு. என் மாடு தை மாசம் ஈனும். என் எதிர்ல குந்திக்கினு கன்னு குடிக்கறதப் பார்த்து ஃபாரத்துல எய்தட்டும்" என்றாள். நாற்காலி போடவில்லை. தண்ணீர் தரவில்லை. நான் கேட்கவும் இல்லை.

போ, எட்வின். தை மாதம் அவள் வீட்டுக்குப் போ. அதற்கு முன்னால், உன்னிடம் இருக்கிற அந்த ஃபைலை எடு. கொட்டகைக் கன்றுகளின் ஃபாரங்களில் என் கையெழுத்து இருக்கிற இடத்தில் எல்லாம், "சீம்பால் குடித்ததா? ஆம்" என்பதை அடித்துவிட்டு, தெரியாது என்று எழுது. திருவாலங்காட்டு மாடிவீட்டுக் கன்றுக்கு மட்டும் இல்லை என்றே எழுது. அது குடிக்க வேண்டிய சீம்பாலைச் சதுரமாக வெட்டிச் சாப்பிட்டவன் நீ. இதற்கு ஆதாரம் என்ன என்று கேட்டால் இந்தக் கடிதத்தை வை. தேவைப்பட்டால் நானே வந்து எந்த மேசைக்கு முன்னால் வேண்டுமானாலும் நிற்கிறேன். அதே ஃபைலின் கடைசியில் விசாரணை ஃபாரங்கள் இருக்கும். ஆர்.கே.பேட்டை, கோமளா, கிடேரிக்கன்று, வயது மூன்று மாதம். ஓரத்தில் "கொடுத்ததாகச் சொல்கிறார்" என்று இருக்கும். அதை அடித்துவிடு. பக்கத்தில் இருக்கிற ஆம் கட்டத்தில் குறி போட்டு, சாட்சி என்கிற இடத்தில் என் பெயரை எழுது. எனக்கு ஞாபகம் இருக்கிறது.

உன் அம்மா